ஏஐக்கும் நெரை பிரித்துக் கொடுங்கள்

கம்பஸில் இப்போது ஏஐ இல்லாத போன் இல்லை. அசைன்மென்ட், வேலை விண்ணப்பம், அம்மாவின் ஈ.பி.எஃப். கடிதம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கேட்கிற விதம் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி: "மலையக மக்கள் பற்றி ஒரு கட்டுரை எழுது." வந்து விழுவதும் ஒரே மாதிரி: பசுமையான மலைகள், கடின உழைப்பு, சவால்கள், எதிர்கால நம்பிக்கை. அதில் பொய் அதிகம் இருக்காது. எங்கள் ஆட்களும் இருக்கமாட்டார்கள்.

கேள்வியில் எல்லை போடாததுதான் இதற்குக் காரணம் என்கிறோம் நாங்கள்.

மலையில் வேலை எப்படி நடக்கிறது என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். "போய் கொழுந்து எடுங்க" என்று மட்டும் சொல்லி யாரும் அனுப்புவதில்லை. இன்றைக்கு எந்த மலை, யாருக்கு எந்த நெரை, ரெண்டு இலையும் மொட்டும், முத்தல் வேணாம். இவ்வளவும் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். ஏஐக்கும் அப்படிச் சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் அது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகிறது. இணையத்தில் தமிழ் என்றால் பெரும்பகுதி தமிழ்நாடு. இலங்கைத் தமிழர் என்றால் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு, போர். நுவரெலியா என்றால் சுற்றுலா. எல்லை இல்லாத கேள்வி, எழுத்து குவிந்து கிடக்கும் பக்கமே சரியும்.

லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்தித் தரச்சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வையுங்கள். "பாதை திருத்தக் கடிதம் எழுது" என்றால் ஊராட்சித் தலைவருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதித் தந்துவிடலாம். அந்த இரண்டு பேரும் இலங்கையில் இல்லையே! இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நோர்வூட் பிரதேச சபைத் தவிசாளருக்குக் கடிதம். விஷயம் தோட்டக் குடியிருப்புப் பாதை. 150 சொற்கள். இலங்கை அலுவலகத் தமிழ். பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டதைக் குறிப்பிடு. கெஞ்சும் தொனி வேண்டாம். நான் தராத விபரத்தைச் சேர்க்காதே. அந்த இடத்தை வெறுமையாக விடு." தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சபைகளுக்கு அதுவரை சட்டமே தடையாக இருந்தது. அது தெரிந்தவர் எழுதிய கடிதத்தைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

வரலாற்றுக்கும் இதேதான். "1948 பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரை மட்டும், நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் பற்றி மட்டும், உறுதியில்லாததைத் தனியாகக் குறி" என்று கேளுங்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள் என்ற கணக்கு பதிலில் வரவேண்டும். வராவிட்டால், அல்லது வேறு எண் வந்தால், உடனே பிடிபடும். எல்லை சின்னதாக இருந்தால் பிழை தப்பமுடியாது. இருநூறு வருடத்தையும் ஒரே பந்தியில் கேட்டால் எந்தப் பிழையும் கண்ணில் படாது.

"இதெல்லாம் தெரிஞ்சா ஏன் மச்சான் ஏஐகிட்ட கேட்கணும்?" நியாயமான கேள்வி. தெரிந்த அளவுக்குத்தான் எல்லை போட முடியும், அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் பதில். நூலகத்தில் சி.வி. வேலுப்பிள்ளையோடு ஒரு மணித்தியாலம், வீட்டில் பாட்டியோடு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வாருங்கள். உங்கள் கேள்வி தானாகவே நீளும். அடுக்குவது, சுருக்குவது, எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாம் ஏஐ செய்யட்டும். ஒன்று மட்டும்: எவ்வளவு எல்லை போட்டாலும் அது சில நேரம் தைரியமாகப் புளுகும். பெயரையும் எண்ணையும் புத்தகத்தில் பார்க்காமல் அசைன்மென்டுக்குள் விடாதீர்கள்.

தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபி, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்றது 1948 சட்டம். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. இன்று எங்களைப் பற்றிய தாள்களை ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு நிமிடம் எழுதித் தள்ளுகிறது. அடுத்த பட்ச் பிள்ளைகள் அதைத்தான் படிக்கப்போகிறார்கள். அதற்கு வரம்பு போடும் வேலையையாவது வேறு யாரிடமும் விடாமல் நாங்களே செய்வோம்.

ஊர், ஆண்டு, ஆட்கள், எங்கள் பக்கத்துச் சொல், வேண்டாதது. அடுத்த முறை கேட்கும்போது இந்த ஐந்தையும் முதலில் எழுதிவிட்டுக் கேளுங்கள்.