“நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்” என்று சொல்லும் ஒபிஸ்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிய பெற்றோரும், ஏ.எல். முடித்துவிட்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் செய்யும் தம்பி தங்கைமாரும் கடைசிவரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த நாலைந்து பேர் இப்போது கொழும்பில் விளம்பர ஏஜென்சிகளில் வேலை செய்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். தமிழை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறமைக்காகவே சம்பளம் கொடுக்கும் இடங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன?

ஆனால் “எங்கட கொம்பனி சேர், ரெண்டு வருஷத்துல மூணு மடங்கு வளர்ந்திருக்கு” என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும்போது ஒரு கேள்வி வருகிறது. அந்த வளர்ச்சி யாருடைய நேரத்தில் நடக்கிறது?

ஏஜென்சி வளர்வது என்றால் புதிய கிளையன்ட் வருவது. கிளையன்ட் வர ‘பிட்ச்’ செய்ய வேண்டும். அதாவது, வேலை கிடைக்குமா இல்லையா என்று தெரியாமலே முழு விளம்பரத் திட்டத்தையும் செய்து காட்டுவது. பெரும்பாலும் அதற்குக் காசு இல்லை. பகலில் இருக்கிற கிளையன்டின் வேலை, இரவில் பிட்ச் வேலை. பிட்ச் வென்றால் வேலை உடனே தொடங்கும், ஆனால் புது ஆள் எடுக்க மாதங்கள் போகும். சில இடங்களில் எடுப்பதே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 22, 23 வயதுப் பிள்ளைகளின் தூக்கம்.

தமிழ்ப் பக்கம் இன்னும் மோசம். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, கிளையன்ட் நாலு தடவை மாற்றி, பிறகு சிங்களம் முடிந்து, கடைசியாகத்தான் தமிழுக்கு வரும். அப்போது மணி இரவு எட்டு. போஸ்ட் நாளைக் காலை போக வேண்டும். பத்துக் கிளையன்ட்டுக்கும் தமிழுக்கு ஒரே ஆள். எழுதுவதும் அவன், எழுத்துப்பிழை பார்ப்பதும் அவன், சிலவேளை குரல் கொடுப்பதும் அவன். பிழையான தமிழில் விளம்பரம் வந்தால் நாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம். அதை எழுதியவனுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன நோன்பில் ஒரு மாணவன் சொன்னான்: “சேர், ஊருக்கெல்லாம் இப்தார் வாழ்த்து எழுதினது நான்தான். நான் நோன்பு திறந்தது கொம்பியூட்டருக்கு முன்னால, தண்ணிப் போத்தலோட.”

இதைக் கேள்வி கேட்டால் வரும் பதில்தான் தலைப்பில் இருக்கிறது. குடும்பத்தில் யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லையாம். சரி. ஆனால் குடும்பத்தில் யாரும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து பிள்ளையை வெளியே அனுப்புவதும் இல்லையே!

“இளம் வயசு, கஷ்டப்படட்டும்” என்பவர்களுக்கு ஜப்பானின் டென்ட்சு நிறுவனத்தை ஞாபகப்படுத்துகிறேன். உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்று. 1991இல் அங்கு வேலை செய்த 24 வயது இளைஞர் ஒருவர் வேலைச் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதில் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்று 2000இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 டிசம்பரில் அதே நிறுவனத்தில், இணைய விளம்பரப் பிரிவில் இருந்த 24 வயதுப் பெண்ணுக்கும் அதே முடிவு. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்தில் 100 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் செய்திருந்தார். 2017இல் நீதிமன்றம் விதித்த தண்டப்பணம் 5 இலட்சம் யென் மட்டுமே.

அந்த அளவுக்குப் போனால்தான் பேச வேண்டும் என்றில்லை. நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். தகுதிகாண் காலத்திலும் ஈ.பி.எஃப். உண்டு: ஊழியர் 8 வீதம், நிறுவனம் 12 வீதம். ஈ.டி.எஃப். 3 வீதம் நிறுவனத்தின் செலவு. இதைக் கேட்பது திமிர் அல்ல, உரிமை. முறையிட தொழில் திணைக்களம் இருக்கிறது.

ஏஜென்சி நடத்துகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. 2022 நெருக்கடியில் கம்பனிகள் முதலில் வெட்டியவற்றில் விளம்பரச் செலவும் ஒன்று. அந்தப் பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை, கிளையன்டுக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குகிறார்கள். விளங்குகிறது. ஆனால் முதலாளியின் பயத்துக்கு இன்டர்ன் பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்? புதுக் கிளையன்டின் விலையைப் பேசும்போதே புது ஆளின் சம்பளத்தையும் அதில் சேருங்கள்.

பெற்றோரே, பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு “இன்னும் ஒபிஸ்ல” என்று சொன்னால், “மாஷா அல்லாஹ், நல்ல பொறுப்பு” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். சாப்பிட்டாயா, ஓ.டி. தருவார்களா, நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, தொழில் வழிகாட்டல் வகுப்பில் சீ.வி. எழுதும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். நியமனக் கடிதத்தை வாசிக்கும் விதத்தையும் ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுப்போம். ஏ.எல். வகுப்புகளுக்கு இந்தத் தவணையிலேயே செய்யலாம்.