ஃபார்மட் போடும் முன்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிற லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் பக்கமும் பழவேற்காட்டுக் கடைத்தெருவிலும் சர்வீஸுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுக்கிறது, நீலத்திரை வருகிறது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரையில் டிரைவர் கோப்பின் பெயரைப் பார்த்ததும் புது டிரைவர் ஏற்றுகிறோம். அடங்காவிட்டால் ஃபார்மட். ஒரு வாரத்தில் அதே வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுகிறார்.

அந்தப் பெயரை நம்பி முடிவெடுப்பதில்தான் கோளாறு. கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்லாமல் நின்றால் விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி பொறுக்கும்; பிறகு டிரைவரை ரீசெட் செய்து பார்க்கும். மீண்டு வந்தால் ஈவென்ட் வியூவரில் 4101 பதிவாகும். மீளாவிட்டால் 0x116 என்ற பிழை எண்ணோடு நீலத்திரை. செத்தது கார்டாகவே இருந்தாலும் திரையில் அடிபடுவது டிரைவரின் பெயர்தான். சேஃப் மோடில் ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே கார்டு நல்லது என்கிற வாதமும் நிற்காது. அங்கே கார்டுக்குப் பெரிய வேலை கிடையாது. பயாஸ் திரையிலேயே கோடும் புள்ளியும் தெரிந்தால் பேச்சுக்கு இடமில்லை. டிரைவர் அப்போது ஏறியிருக்கவே இல்லை.

எப்போது நிற்கிறது என்று வாடிக்கையாளரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அப்டேட் ஆன நாளிலிருந்து, ஒரே சாஃப்ட்வேரில் மட்டும் என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டி.டி.யூ. (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) கொண்டு பழையதைத் துடைத்தபின் முந்தைய பதிப்பை ஏற்றுங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் தன் பங்குக்கு ஒன்றை ஏற்றிவிடும். அரை மணி நேர ரெண்டரிங்குக்குப் பிறகு என்றால் ஃபேன், தெர்மல் பேஸ்ட், பவர் சப்ளை.

காலையில் போட்டதும் நின்று, சூடேறியபின் சரியாக ஓடினால்? இந்த வட்டாரத்தில் முதலில் நினைக்க வேண்டியது ஈரம். காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து கார்டில் படிகிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்து மின்சாரம் கடத்தத் தொடங்கும். கடலோர இரவில் 75 சர்வ சாதாரணம். கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் செருகும் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத்தின் ஓரத்தில் பச்சை கட்டியிருந்தால் ஃபார்மட் போட்டு என்ன பயன்?

கான்டாக்டை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. அது தேய்ந்தால் அடியிலுள்ள நிக்கலும் தாமிரமும் உப்புக்காற்றுக்கு நேராக வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும். நன்றாக உலர்ந்தபின் செருகுங்கள்.

ஹீட் கன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008-இல் சிப்பின் பேக்கேஜிங் பொருள் பலவீனத்தால் லேப்டாப் சிப்புகள் பழுதானதற்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் சிப்புகளைச் சூடு காட்டி எழுப்பிப் பழகிய கை இன்னும் பழக்கம் விடவில்லை. சூடு காட்டினால் சில நாள் ஓடும், அவ்வளவே. அதற்கு ரிப்பேர் என்று பில் போடுவது சரியல்ல.

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபின் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்த கார்டுகளைச் சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கித் தருகிறவர்கள், ஏற்கெனவே உழைத்து ஓய்ந்த கார்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். புதுக் கார்டானாலும் துரு ஏறிவிட்டால் வாரண்டி கிடைப்பது அரிது. கழற்றியதும் கான்டாக்டைப் போனில் படம் எடுத்துக் காட்டிவிட்டு அப்புறம் கூலியைப் பேசுங்கள்.