கை விறைத்தால் பிறேக் எங்கே?



குளிர்காலம் தொடங்கியதும் எமது வீடுகளில் ஹீற்றர் போடப்படுகிறது. காரின் ரயர் பார்க்கப்படுகிறது. பிள்ளைகளுக்குப் புது ஜக்கெற் வாங்கப்படுகிறது. ஆனால் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வேலைக்குப் போகும் மகனின் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், விடிய முன்னர் வேலைக்குப் புறப்படுகிறவர்கள், உணவகம் மூடியபின் நடுநிசியில் வீடு திரும்புகிறவர்கள் என இலண்டனில் எம்மவர் பலர் இருசக்கர வண்டியை நம்பியே இருக்கிறார்கள். அவர்களுக்காக இம்முறை ஒரு சிறு பொருளைப் பற்றி எனது கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதுதான் சூடேறும் கைபிடி. கடையில் 'ஹீற்றட் கிறிப்ஸ்' என்று கேட்டால் தருவார்கள்.

"அதெல்லாம் சொகுசு, டொக்டர். நல்ல கையுறை போட்டால் காணும்" என்பதே நான் வழக்கமாகக் கேட்கும் பதில். பெரும்பாலும் என் வயதுக்காரர்தான் இப்படிச் சொல்வார்கள். 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை நாங்கள். எதையும் சமாளிப்போம் என்ற பெருமை எமக்கு உண்டு. ஆனால் அந்த அனுபவத்தில் குளிர் என்ற ஒன்று இருக்கவில்லை. குளிரை மனத்துணிவால் சமாளிக்க முடியாது. ஏனென்றால் அது முதலில் பிடிப்பது கையை.

உடம்பு குளிரத் தொடங்கியதும், இதயம், மூளை போன்ற உள்ளுறுப்புகளைச் சூடாக வைத்திருக்க, கைகால்களுக்குப் போகும் குருதியை உடம்பே குறைத்துவிடுகிறது. விரல்களில் சூட்டை உண்டாக்கும் தசை மிகக் குறைவு. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. ஆகவே குருதி குறைந்ததும் விரல் விரைவில் குளிர்ந்துவிடும். கைத்தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் விரல்களின் நுட்பமான அசைவு மந்தமாகிறது. இன்னும் குளிர்ந்தால் தொடுவுணர்வும் போய்விடும். நரம்பு ஒரு பாகை குளிர்ந்தால், அதில் செல்லும் செய்தியின் வேகம் நொடிக்கு 1.5 முதல் 2 மீற்றர் வரை குறைகிறது.

இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே 5 பாகை இருக்கும்போது மணிக்கு 30 மைல் வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது பூச்சியத்துக்கும் கீழே போன குளிராகவே இருக்கும்.

இப்போது வண்டிக்கு வருவோம். மோட்டார் சைக்கிளின் முன் பிறேக் வலது கையில் இருக்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இரண்டு பிறேக்குகளுமே கையில்தான். இந்நாட்டு வீதி ஒழுங்குக் கையேட்டின்படி, 30 மைல் வேகத்தில் போகும் வாகனம் நிற்க 23 மீற்றர் தேவை. அதில் 9 மீற்றர், ஆபத்தைக் கண்டு பிறேக்கைப் பிடிப்பதற்குள் போய்விடும் தூரம். விறைத்த விரல் பிறேக்கைப் பிடிக்க அரை நொடி பிந்தினால், இன்னும் ஏறத்தாழ 7 மீற்றர் கூடும். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். அந்த 7 மீற்றருக்குள் ஒரு குழந்தை வீதியைக் கடக்கலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: சூடேறும் கைபிடியை இருக்கை மெத்தையோடு சேர்த்து எண்ணாதீர்கள். பிறேக்கோடு சேர்த்து எண்ணுங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. வண்டியின் கைபிடித் தண்டின் அளவுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். பல வண்டிகளுக்கு 22 மில்லிமீற்றர். இடது, வலது மாறக்கூடாது.

2. வலது கைபிடியைத் திருப்பி விட்டதும் அது தானாகப் பழைய நிலைக்கு வரவேண்டும். ஹான்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடவோ நசிபடவோ கூடாது. இதில் பிழை விட்டால், பாதுகாப்புக்குப் பூட்டியதே ஆபத்தாகிவிடும்.

3. மின்னிணைப்பில் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். சாவியை நிறுத்தியதும் சூடும் நிற்கும்படி ரிலே மூலம் இணைப்பது நல்லது. இல்லாவிட்டால் காலையில் பற்றரி செத்துக் கிடக்கும்.

4. முழுச் சூட்டில் இது ஏறத்தாழ 4 அம்பியர், அதாவது ஒரு முன்விளக்கு அளவு மின்சாரம் எடுக்கும். சிறிய 50, 125 சிசி வண்டிகள் அதைத் தாங்குமா என்று முதலில் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

5. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னர் சிக்கல் வரலாம்.

கைபிடி உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும். காற்று அடிப்பது புறங்கையில். ஆகவே காற்றுப் புகாத கையுறையும், முடிந்தால் ஹான்டிலில் மாட்டும் கையுறை மூடியும் வேண்டும். இறுக்கமான கையுறை குருதியோட்டத்தைக் குறைக்கும். நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் கைக்கு வரும் குருதியும் குறையும் என்பதால், உள்ளே இன்னொரு உடுப்புப் போடுவதும் கைக்குச் செய்யும் உதவிதான்.

சிலர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். எமது சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்ததே. நீரிழிவால் நரம்பு பழுதடைந்து கையில் உணர்வு குறைந்தவருக்குச் சூடு கூடியதும் தெரியாது. தோல் நீண்ட நேரம் 44 பாகைச் சூட்டில் இருந்தாலே சுடுபுண் வரலாம். இவர்கள் குறைந்த சூட்டில் மட்டும் பாவித்து, வீடு வந்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். குளிரில் விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, பின் சிவந்தால் அது ரேனோ என்ற நிலையாக இருக்கலாம். புகைப்பழக்கமும், புறோப்பிறனலோல் போன்ற சில மருந்துகளும் அதைக் கூட்டும். விரலில் புண் வந்தால், ஒரு கையில் மட்டும் இப்படி நடந்தால், அல்லது சூடான பிறகும் விறைப்பு மாறாவிட்டால் உங்கள் வைத்தியரைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஓடும்போது விரல் விறைத்தால் ஓரமாக நிறுத்துங்கள். கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். எஞ்சினிலோ புகைக்குழாயிலோ கையை வைக்காதீர்கள். விறைத்த கைக்குச் சுடுவது தெரியாது.

ஒரு சோடிக் கைபிடி, தரத்துக்கு ஏற்ப, 50 பவுணிலிருந்து 100 பவுணுக்கு மேலும் போகும். ஊருக்குப் பணம் அனுப்பி, வாடகையும் கட்டும் இளைஞனுக்கு அது பெரிய காசு என்பது எனக்குத் தெரியும். தனக்கென்று அவன் அதைச் செலவழிக்கப் போவதில்லை. எனவே இதை அவனிடம் விட்டுவிடாதீர்கள். பெற்றோரே, பிறந்தநாளுக்கு இன்னொரு சேட் வாங்குவதற்குப் பதிலாக இதை வாங்கிக் கொடுங்கள். உணவகமும் கடையும் நடத்தும் அன்பர்களே, உங்கள் சாப்பாடு சூடாகப் போய்ச் சேர வேண்டும் என்று சூடு காக்கும் பை வாங்குகிறீர்கள். அதைக் கொண்டு போகிறவனின் கையும் சூடாக இருக்க வேண்டாமா?

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் எம் முன்னோர். உறைபனி வருமுன் கைபிடியைப் பூட்டுங்கள்.