நாமே முதல் தலைமுறையா?



இதை எழுத உட்கார்ந்தது டிசம்பர் 31 ராத்திரி. திருத்தணிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டின் கடைசி நாளில் இங்கே மலையில் படித்திருவிழா. மொத்தம் 365 படி. நாளைக்கு ஒரு படி என்று கணக்கு. பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும். மைக் சத்தத்தில் ஊரில் யாருக்கும் தூக்கம் கிடையாது, காலனியில் எங்களுக்கும்தான். தூக்கம் வராததால், இந்த வருசம் படித்த புத்தகங்களைத் தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. பாதியில் விட்டது ஒன்பது. மறுபடி மறுபடி எடுத்துப் படித்தது நாலு.

முப்பத்தொன்றையும் பட்டியல் போட்டு, பக்கத்தில் ரெண்டு வரி தீர்ப்பு எழுதலாம். சிறுபத்திரிகை நடத்துகிறவனுக்கு அந்த ஆசை சீக்கிரம் வந்துவிடும். போடப்போவதில்லை. இந்த வருசப் படிப்பு என்னிடம் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எந்தக் கூட்டத்திலும் நான் பேசுகிற ஒரு பேச்சு உண்டு. "எங்கப்பன் கைநாட்டு, எங்க தாத்தன் கைநாட்டு. பேனா பிடிச்ச முதல் கை இந்தக் கை." கை தட்டுவார்கள். மாணவர் விடுதிகளில் விசிலே அடிப்பார்கள். இந்தத் தலையங்கப் பக்கத்திலும் அதைப் பல தடவை எழுதியிருக்கிறேன். இனிமேல் எழுத முடியாது.

முதலில் 'சாதி ஒழிப்பு'. கல்லூரியில் படித்த புத்தகம்தான். படித்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருசம் அரக்கோணம் போகிற ரயிலில், தினம் நாலு பக்கம், அஞ்சு பக்கமாக மறுபடி படித்தேன். அட்டையில் அம்பேத்கர் படம். எதிரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எங்க?" என்றார். அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அரக்கோணம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அது கிடக்கட்டும். படித்துக்கொண்டே வரும்போது அந்தப் பக்கத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார்: பேராசிரியர் ராதாகிருஷ்ணன்! 1926இல் ஆக்ஸ்போர்டில் இந்து வாழ்க்கை நோக்கு பற்றி அவர் பேசிய பேச்சுகள் புத்தகமாக வந்திருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் நிற்கிறதே இந்து சமூகம், அதுவே அதன் தகுதிக்குச் சாட்சி என்பது அவர் வாதம். அம்பேத்கர் 1936இல் இதைக் கையில் எடுத்து மடக்குகிறார். சண்டையில் ஜெயித்தவனும் பிழைக்கிறான், சரணடைந்தவனும் பிழைக்கிறான், ரெண்டும் ஒன்றா என்கிற மாதிரிப் போகிறது அந்த இடம்.

திருத்தணியில் பிறந்தவர் ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 வந்தால் இங்கே பள்ளிக்கூடத்தில் விழா. எட்டாம் வகுப்பில் நானே அவரைப் பற்றிப் பேசி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். அவரோடு இந்தியாவின் இன்னொரு மேதை எழுத்தில் மல்லுக்கு நின்றிருக்கிறார் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. வாத்தியார்களை விடுங்கள். கல்லூரியில் அதே பக்கத்தைத் தாண்டி வந்த என் கண்ணுக்கு ஏன் அது படவில்லை? நான் அப்போது படித்தது மேற்கோளுக்காக. மேடையில் எடுத்து வீச நாலு வரி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

லாகூரில் பேசக் கூப்பிட்டவர்கள் மாநாட்டையே ரத்து செய்துவிட்டதால், அம்பேத்கர் சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம் அது. 1500 படிகள் ரெண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையிலேயே, குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டது என்கிறார். இந்தி வரவில்லை, மராத்தி வரவில்லை, தமிழில் வந்துவிட்டது. கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு. அப்படியானால் 1937லேயே இதைத் தமிழில் வாங்கிப் படித்தவர்கள் யார்? அந்த இடத்தில்தான் என் மேடைப் பேச்சு முதலில் ஆட்டம் கண்டது.

இரண்டாவது, ரெட்டமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்'. சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 1893 அக்டோபரில் 'பறையன்' என்று பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்குகிறார். நாலு பக்கம், விலை ரெண்டணா. சென்னையில் ரெண்டே நாளில் நானூறு படிகள் போனதாக எழுதுகிறார். காலனியில் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் இதை நான் ரொம்பப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி எழுந்தாள். "அண்ணே, நானூறு பேர் வாங்கினாங்கன்னா படிக்கத் தெரிஞ்சவங்கதானே வாங்கியிருப்பாங்க? அப்போ மேடையில நீங்க சொல்றது பொய்யா?"

எனக்குப் பதில் வரவில்லை. டீ வந்தது, அதை வைத்துச் சமாளித்தேன்.

மூன்றாவது, அயோத்திதாசர். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த தொகுதிகள். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் அவர் சாகும்வரை வாராவாரம் நடத்திய பத்திரிகையின் எழுத்துகள். மூன்று மாதம் இழுத்தது. அந்தத் தமிழ் லேசில் பிடிபடாது. பிடிபட்ட பிறகு கீழே வைக்க முடியாது. அதில் எனக்குத் தைத்தது கோலார் தங்கவயல். சென்னைக்கு அடுத்தபடியாக இந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தது சுரங்கத் தொழிலாளிகள். அங்கே பௌத்த சங்கம் நடத்தியவர்கள், பிற்பாடு 1920களில் ஜி. அப்பாதுரையை ஆசிரியராக வைத்து 'தமிழன்' பத்திரிகையை அங்கிருந்தே மறுபடி கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர் மாவட்டங்களிலிருந்து சுரங்கத்துக்குப் போன நம் ஜனம். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டம். 1960இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது.

எங்கம்மாவைப் பெற்ற பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். அவங்க அப்பா தங்கவயலில் வேலை செய்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

"படிப்பாராம்மா?"

"எங்க நைனா படிக்காம? ராத்திரி சிம்னி வெச்சிகினு படிப்பாரு. நாலு பேரு குந்திகினு கேப்பாங்க. இருமல் வந்து ஊருக்கு வந்தாரே, அப்பகூட ஒரு ட்ரங்கு பொட்டி நெறைய பேப்பருதான்."

"அந்தப் பேப்பரெல்லாம்?"

"இன்னா பண்றது? ஊற வெச்சி, வெந்தயம் போட்டு அரைச்சி, மொறத்துக்கும் கூடைக்கும் மெழுவிட்டோம். பத்து வருசம் வந்துச்சி அந்த மொறம்."

அது 'தமிழன்' தானா, வேறு ஏதாவதா? இனி யாராலும் சொல்ல முடியாது. நான் பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா சுரங்கத் தூசியில் நெஞ்சு அடைத்துச் செத்தபோது அவங்களுக்குப் பத்து வயசு. மறுநாளிலிருந்து அடுத்தவன் கொல்லியில் களை வெட்டு. எழுத்து எங்கள் வீட்டுக்குள் ஒரு தடவை வந்து, கதவு சாத்தப்பட்டதால் திரும்பிப் போயிருக்கிறது. "அப்பன் கைநாட்டு, தாத்தன் கைநாட்டு" என்று மேடையில் முழங்கிய நான், அம்மா வழியை எண்ணவே இல்லை பாருங்கள். ஆண் வழியை மட்டும் எண்ணுகிற இந்தக் கணக்கை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அயோத்திதாசரைப் படித்துவிட்டுக் கும்பிட்டு நிற்கவும் என்னால் முடியவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்து, அந்த இரண்டாவது கூண்டில் அருந்ததியரையும் குறவரையும் தள்ளுகிற பக்கங்கள் அதில் இருக்கின்றன. அருந்ததியர் தெரு எங்கள் காலனிக்கு அடுத்த தெரு. அங்கிருந்து வருகிற தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சத்தமாகப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. படித்தோம். சண்டை வந்தது. 2009இன் மூன்று சதவீத உள் ஒதுக்கீடும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் நடுவில் வந்து விழுந்தன. ரெண்டு பேர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரம் வந்தார்கள். நம் மூதாதை எழுதியதை எல்லாம் மூடி வைத்துப் பூசை போடுவதென்றால் மலை மேலே நடப்பதே போதும், நமக்கு எதற்குத் தனியாக ஒன்று?

நாலாவது புத்தகத்தை நான் படிக்கவில்லை, கேட்டேன். ஜாஷுவாவின் 'கப்பிலம்', 1941இல் வந்த தெலுங்குக் காவியம். கப்பிலம் என்றால் வௌவால். கோயிலுக்குள் விடப்படாத அருந்ததியன் ஒருவன், வௌவாலிடம் தன் முறையீட்டைச் சொல்லி காசியில் இருக்கிற சிவனுக்கு அனுப்புகிறான். மனுசனுக்குக் கதவு சாத்தியிருக்கிறது, வௌவால் கருவறையிலேயே தொங்கலாம் இல்லையா! வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்தத் தம்பியின் பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னார். பிறந்ததிலிருந்து தெலுங்கு காதில் விழுகிற எல்லை ஊரில் இருந்துகொண்டு எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. வடக்கெல்லைப் போராட்ட வரலாறு மனப்பாடம். எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. தை மாதம் முதல் எழுத்துப் பழகுவதாகப் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தார்.

இனி ஒரு வேலை. 'தமிழன்' இன்று நம் கைக்கு வந்ததென்றால், அன்பு பொன்னோவியம் மாதிரி சிலர் அந்தத் தாள்களைப் பொத்திப் பொத்தி வைத்ததால்தான் வந்தது. 'பறையன்' இதழ் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் பத்திரிகையின் முதல் இதழ் என்னிடமே இல்லை. வைத்திருக்கும் தோழர்கள் ஒரு ஜெராக்ஸ் அனுப்ப வேண்டும், செலவை அனுப்பிவிடுகிறேன்.

போகிக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லை. பரணில், ட்ரங்கில், அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிற பழைய தாளையெல்லாம் அள்ளி நெருப்பில் போடுகிற நாள் அது. சங்க நோட்டீசு, மாநாட்டு அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், தங்கவயலிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த கடுதாசி, என்னவாக இருந்தாலும் சரி, கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் அப்படியே கட்டி எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் காலனிப் படிப்பு வட்டத்தில் இருப்போம். பாட்டியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.