நுங்கு வண்டிக்கு டிக்கெட் உண்டா?

கோடை விடுமுறைக்குக் கங்கைகொண்டான் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். "குத்தாலம் போகலாம், பாபநாசம் போகலாம். அந்த வெயில்ல போயி யாராவது லீவு கழிப்பாங்களா?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் நாற்கரச் சாலை, இன்னொரு பக்கம் சிப்காட், சித்திரையில் சிற்றாறு பெரும்பாலும் மணல். புள்ளிமான் சரணாலயம் ஒன்று உண்டு, 2013ல் அறிவித்தது. மான்களும் அந்த வெயிலில் நிழலை விட்டு வெளியே வருவதில்லை.

ஆனால் அங்கே ஆச்சி வீடு இருக்கிறது. அதோடு இந்த வருடம் போனது முக்கியமாக என் தங்கை மகனுக்காக.

சின்னவனுக்கு நாலரை வயது. பென்சிலைக் கொடுத்தால் கத்தியைப் பிடிப்பதுபோல் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பான். இரண்டு கோடு போடுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகை. சட்டை பட்டன் போட வராது. மணலில் கால் வைக்க மாட்டான். ஊஞ்சலில் உட்கார வைத்தால் விழுந்துவிடுவோமோ என்று அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொள்வான். பேச்சு வரும், ஆனால் கேட்டதற்குப் பதில் வராது, தன்பாட்டுக்குத்தான் பேசுவான். "ஜூன்ல வரும்போது எழுதப் பழகிட்டு வரட்டும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. நாலு கோடு நோட்டு நாலு வாங்கி வைத்தாள். தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் இரண்டு பேர் அழுதார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பாளையங்கோட்டைக்கு ஆக்குபேஷனல் தெரபிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோடையில் அதற்கும் இடைவெளி. விட்டுவிட்டால் இதுவரை வந்ததும் போய்விடுமோ என்று தங்கைக்குப் பயம். அந்தத் தெரபிஸ்ட் அம்மா ஒரு தாளில் நாலைந்து வரி எழுதிக் கொடுத்தார். கனமானதைத் தள்ளணும், இழுக்கணும். ஆடணும். விரலால் கிள்ளணும், அமுக்கணும். ஈரமானது, சொரசொரப்பானது எல்லாம் தொடணும். ஒருத்தரோடு முறை வைத்து விளையாடணும். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு: "நோட்டை எடுத்து உள்ளே வையுங்கள்."

ஆச்சிக்கு அதை வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, "இதுக்கா பஸ் ஏறிப் போயி துட்டு குடுத்துட்டு வாற?" என்றாள் தங்கையைப் பார்த்து. தங்கை முகம் வாடிப்போனது. ஆச்சி கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள் என்று புரிய எனக்கே இரண்டு நாள் ஆனது.

எழுத வராத பிள்ளைக்கு எழுத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏன் சரியாவதில்லை? பென்சில் முனை அசைவது விரலில். விரல் நிதானமாக அசைய மணிக்கட்டு நிலைக்க வேண்டும், மணிக்கட்டு நிலைக்கத் தோளிலும் முதுகிலும் வலு வேண்டும். அஸ்திவாரம் இல்லாத இடத்தில் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்கிறோம் நாம். மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கும் பிடியே நாலிலிருந்து ஆறு வயதுக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைப்படுகிறது. நாலரை வயதில் அது வராததற்காக ஒரு பிள்ளையை அழ வைப்பதில் அர்த்தமில்லை.

தொடுவதும், உடம்பு எங்கே எப்படி இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்வதும், உள்காது காட்டும் சமநிலையும் மூளையில் ஒன்றுசேர்ந்தால்தான் பிள்ளை கற்க முடியும் என்று 1972ல் புத்தகமே எழுதினார் அமெரிக்காவின் ஜீன் அயர்ஸ். அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். இன்று தெரபி அறைகளில் தொங்குகிற ஊஞ்சல், உருளுகிற பந்து, அரிசி நிரப்பிய தொட்டி எல்லாம் அவர் வழி வந்தவை. இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறை எவ்வளவு பலன் தருகிறது என்பதற்கான ஆதாரம் குறைவு, முடிவானதும் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012ல் சொன்னது. மற்றச் சிகிச்சைகளோடு ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஆகவே ஊஞ்சல் ஆட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது பெரிய தொகை கேட்டால், ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இனி நுங்குக்கு வருகிறேன். எங்கள் கோடையின் கதாநாயகன் அதுதான்.

காயைச் சீவினால் மூன்று கண் தெரியும். கட்டை விரலை விட்டு நெம்பி, அப்படியே வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். முதல் நாள் கையில் தண்ணீர் பட்டதும் சின்னவன் அலறிவிட்டான். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் ஸ்பூன் கொடுத்தாள். இரண்டாம் நாளும் ஸ்பூன். மூன்றாம் நாள் ஸ்பூனை "காணோம்" என்றாள். (முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். நான் பார்த்தேன்.) அவன் கொஞ்ச நேரம் காயைப் பார்த்தான், பிறகு பெரிய பையன்களைப் பார்த்தான், கட்டை விரலை உள்ளே விட்டான். பென்சில் பிடியில் பாதி வேலை கட்டை விரலுக்குத்தான். களிமண் மாதிரி இருக்கும் அந்தக் கலர் மாவை ஆன்லைனில் வாங்கி அமுக்கச் சொல்கிறோமே, அதே வேலை. இங்கே கூலியாக நுங்கும் கிடைக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் நுங்கைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். முழுசாக வழுக்கித் தொண்டையில் போய்விடும்.

தின்று முடித்த இரண்டு காய்களைக் குச்சியில் கோத்தால் சக்கரம். கவட்டைக் கம்பை அந்தக் குச்சியில் வைத்துத் தள்ளினால் வண்டி. தெரு மண்ணில் அதைத் தள்ளும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். கல்லில் முட்டினால் நிற்கும், கம்பைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். கண் முன்னால் போக, கை பின்னால் வர வேண்டும். தாளில் "கனமானதைத் தள்ளணும்" என்று இருந்த ஒரு வரிக்கு இது போதும். மாமா காயைக் கொஞ்சம் பெரிசாகப் பார்த்துக் கோத்துக் கொடுத்தார். சின்னவன் முதல் வாரம் பத்தடி தள்ளினான். பிறகு பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் வர ஆரம்பித்தான். வெறுங்காலில். மணலில் கால் வைக்காத பிள்ளை என்பதை அவனும் மறந்துவிட்டான், நாங்களும் மறந்துவிட்டோம்.

மத்தியான வெயிலில் வெளியே விட முடியாது. பத்து மணிக்கு மேல் நாலரை வரைக்கும் திண்ணையும் உள்வீடும்தான். அந்த நேரத்துக்குப் புளி வந்தது. ஆச்சி வீட்டில் வருடப் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற காலம் அது. புளியமுத்தை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து வாய் குறுகின சொம்பில் போடுவது சின்னவன் வேலை. போட்டால் 'டங்' என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே போடுவான். அப்புறம் பல்லாங்குழி. பதினாலு குழியையும் வைத்து ஆட அவனுக்கு வராது, நாலு குழி போதும். கை நிறையக் கொட்டையை வைத்துக்கொண்டு குழிக்கு ஒன்றாக விடுவதைக் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கையில் இருப்பதை விழாமல் விரல் நுனிக்கு நகர்த்திக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. சின்னவனுக்கு முதலில் எல்லாம் கொட்டிப்போகும். கொட்டினால் பொறுக்க வேண்டும். பொறுக்குவதும் பயிற்சிதான் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வேன். வாயில் எதையும் போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் கொட்டை, சோழி, பாசிமணி எதுவும் வேண்டாம். மற்ற வீட்டிலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விட்டத்தில் சேலையைக் கட்டி ஊஞ்சல். முதல் நான்கு நாள் அவன் ஆச்சி மடியில்தான். முன்னும் பின்னும் நிதானமாக ஆடினால் பிள்ளை அடங்கும், சுற்றிவிட்டால் துள்ளும். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சுழற்றுவதும் மருத்துவரைக் கேட்டுத்தான். கோரைப் பாயில் படுக்க வைத்து, தலை வெளியே இருக்கும்படி சுருட்டி, மேலே லேசாக அமுக்கி, "அல்வாப் பொட்டலம் வேணுமா, அல்வா!" என்று கூவி விற்றோம். அந்த அழுத்தம் சில பிள்ளைகளுக்கு அப்படிப் பிடிக்கும். சின்னவன் இருபது தடவை விலைக்குப் போனான். பிடிக்காத பிள்ளையைச் சுருட்டக் கூடாது. மணலும் அப்படியே. "பழகட்டும்" என்று பிடித்து நிறுத்தினால் பழகாது, பயம்தான் கூடும்.

பேச்சைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஊதல் ஊதினால், பலூன் ஊதினால் பேச்சு வரும் என்று சொல்வார்கள். ஊதினால் ஊதத்தான் வரும். பேச்சு வளர்வது எதிரே ஒரு முகம் இருந்து, நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி நடக்கும்போதுதான். அதற்குக் கிச்சு கிச்சு தாம்பாளத்தை மிஞ்ச எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணலைக் கரையாகக் குவித்து, குச்சியை ஒளித்து, எதிராளி இரண்டு கையையும் கோத்து மூட வேண்டும். ஒளித்தவன் காத்திருக்க வேண்டும், தேடுகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் சின்னவன் ஆச்சியைப் பார்த்து, "இல்ல, இப்ப என் முறை" என்றான். தங்கை உள்ளே போய்விட்டாள். வெங்காயம் வெட்டுகிறாளாம்.

இதெல்லாம் அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்வதற்காக இல்லை. அந்தக் காலத்தில் சின்னவன் போன்ற பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்து மூலையில் உட்கார்த்தியிருப்பார்கள். விளையாட்டைச் சிகிச்சையாகப் பார்க்கிற கண் பிற்பாடு வந்தது. மாண்டிசோரி அம்மையார் முதலில் ரோம் நகரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். அங்கே பழகிய கருவிகளை வைத்தே 1907ல் மற்றக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1939ல் அவர் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

நம் பக்கத்திலேயே தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சி தாமதமாகும் சிறு பிள்ளைகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் போய், அம்மாவையும் பாட்டியையும் உட்கார வைத்து, வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே சொல்லித் தருவது அவர்கள் வேலைகளில் ஒன்று. பஸ் ஏற முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தங்கையைக் கேட்டால் சொல்வாள்.

விளையாட்டு போதும், மருத்துவர் வேண்டாம் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, வந்த பேச்சு நின்றுபோன பிள்ளை, இவர்களை "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று தள்ளிப் போடாதீர்கள். 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அடுத்து எப்போது என்று அங்கன்வாடியில் கேளுங்கள். மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அரசு மருத்துவமனைகளில் உண்டு. சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.

செல்போன்? ஆச்சி வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை, பிரச்சினை தானே தீர்ந்தது. இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. இதை நீங்கள் செல்போனில்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மே கடைசியில் ஊருக்குக் கிளம்பினோம். சின்னவன் இன்னும் 'அ' எழுதவில்லை. சட்டையில் மேலிருந்து மூன்று பட்டன் தானே போட்டிருந்தான், நாலாவது மாறிப்போய்க் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தங்கை கையை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். நுங்கு வண்டியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டவுன் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"பொம்பளையாளுக்கு டிக்கெட் இல்ல. அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கும் இல்ல. இந்த வண்டிக்குத்தான் போடணும் போல" என்றார்.

சின்னவன் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "இதுக்கு ரெண்டு சக்கரம்தான்" என்றான்.