வாயறிந்தும் வாய் திறவாமை

பல் வைத்தியரின் பணி பல்லோடு முடிந்துவிடுகிறது என்றொரு கருத்து அத்துறையினர் பலரிடையே நிலவிவருகிறது. நோயாளி எதை உண்கிறார், உண்டதை என்ன செய்கிறார், ஏன் அவ்வாறு செய்கிறார் என்பன உளமருத்துவர்க்குரிய வினாக்களாம். பார்வைக்கு அடக்கமெனத் தோன்றும் இக்கருத்து உண்மையிற் பொறுப்பைத் தட்டிக்கழித்தலேயாகும். உணவுண்ணற் கோளாறுகளைப் பொறுத்தவரை அது உயிராபத்தையும் விளைவிக்கவல்லது.

புலிமியா நேர்வோசா எனும் நோயை எடுத்துக்கொள்ளலாம். அடக்கவியலாது பேரளவில் உண்பதும், உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் இதன் இயல்பு. பட்டினி கிடப்போரை மெலிந்த உடல் காட்டிக்கொடுக்கும். இந்நோயாளர் பலரின் நிறையோ இயல்பான அளவிலேயே இருக்கும். வெட்கத்தால் வீட்டாரிடமும் மறைப்பர். பல் மட்டும் மறைக்காது. பல்லின் மேற்படையாகிய மிளிரி ஏறத்தாழ பி.எச். 5.5 அளவிலேயே கரையத் தொடங்குகிறது. இரைப்பை அமிலமோ அதனினும் பன்மடங்கு வலியது. மேல் முன்பற்களின் அண்ணத்தை நோக்கிய பக்கம் வழுவழுப்பாகித் தேயும். முன்னர் அடைத்த பல்லாயின், சுற்றியுள்ள பகுதி கரைந்து அடைப்பு மட்டும் தீவுபோல் மேலெழுந்து நிற்கும். சிறு கண்ணாடியைப் பிடித்து இவ்விடத்தைப் பார்க்கும் வாய்ப்பு வேறெவர்க்குக் கிடைக்கிறது?

அறிவு புதிதென்று சொல்லித் தப்பவும் வழியில்லை. இலண்டனில் ஜெரால்ட் றசல் 30 நோயாளரை ஆராய்ந்து இந்நோய்க்குப் பெயரிட்டது 1979இல். அதற்கு இரண்டாண்டு முன்னரே, அனொரெக்சியா நோயாளருள் வாந்தியெடுப்போரின் பற்களில் இவ்வுட்புற அரிப்பு நிகழ்வதை ஹெல்ஸ்ட்ரோம் ஸ்கந்திநேவியப் பல் மருத்துவ ஆய்விதழொன்றில் எழுதிவிட்டார். தடயத்தை அன்றே கண்ட துறை, தனக்கு இதிற் பங்கில்லை என்பது விந்தை.

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, வாந்தியெடுக்கும் நோயாளரை ஒழுங்காகப் பற்களைச் சோதித்துக்கொள்ளுமாறு ஊக்குவிக்கச் சொல்கிறது. வாந்தியெடுத்தவுடன் பல் துலக்காது, அமிலமற்ற வாய்கழுவியாற் கொப்பளிக்கவும் சொல்கிறது. (மென்மையுற்ற மிளிரியைத் தூரிகை உரசிப் போக்கிவிடுமன்றோ!) நல்லதே. ஆயினும் இவ்வறிவுரை நோய் ஏற்கெனவே அறியப்பட்டவர்க்கே போய்ச் சேரும். அறியப்படாதவர், பல் கூசுகிறதென்று மட்டும் சொல்லிக்கொண்டு பல் வைத்தியரின் நாற்காலியில் வந்தமர்கிறார்.

தேய்ந்த பல்லுக்குச் செயற்கை முடி பொருத்தி அனுப்பினாற் போதுமென்போர் தம் தொழிற்றிறனையே அவமதிக்கின்றனர். வாந்தி தொடருமாயின் முடியின் விளிம்பிலுள்ள பல் மேலும் கரையும். அதற்குள் குருதியிற் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பே பிறழவுங்கூடும்.

"கேட்டால் நோயாளி புண்படுவார், மீண்டும் வரமாட்டார்" என்பர். குற்றஞ்சாட்டும் குரலிற் கேட்டால் வரமாட்டார்தான். பழச்சாறு, மென்பானம், நெஞ்செரிவு ஆகியவற்றாலும் பல் அரிபடும்; ஆகவே அவற்றையும் வாந்தியையும் ஒரே வரிசையில், தனிமையில், பதற்றமின்றி வினவுவது எவரையும் குற்றவாளியாக்காது. வினவுதல் வேறு, உளச்சிகிச்சை வேறு. நோயாளியின் ஒப்புதலோடு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுத உளமருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அவர் மறுப்பாராயின் பல்லைக் காக்கும் வழிகளைக் கூறி, அடுத்த வருகைக்கு நாள் குறித்தனுப்பலாம். முதல் வருகையில் மறுத்தவர் மூன்றாம் வருகையிற் பேசக்கூடும்.