பெயர் மாறியது, கடிவாளம் யார் கையில்?

புதுதில்லி: மாநில மின் வாரியங்களைப் பிரித்துப் புதுப்பெயர் சூட்டும் படலம் தமிழகத்தில் 2024-லும் தொடர்ந்தது. மின் விநியோகப் பணி 'தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்' என்ற பெயரில் தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தால் நுகர்வோர் பெறுவது என்ன என்பதற்கு மும்பையின் பாண்டுப் பகுதி நல்ல உதாரணம்.

மும்பையின் பெரும்பகுதிக்கு பெஸ்ட், டாடா, அதானி நிறுவனங்கள் மின்சாரம் வழங்குகின்றன. தமிழர்களும் கணிசமாக வசிக்கும் பாண்டுப், அதை ஒட்டிய முலுண்ட் ஆகியவற்றுக்கோ அரசு நிறுவனமான 'மகாவிதரண்' மின்சாரம் தருகிறது. மகாராஷ்டிர மாநில மின் வாரியம் 2005 ஜூன் 6-ம் தேதி நான்கு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது உருவானது இது.

ஆனால், கட்டணத்தை நிர்ணயிப்பதும் உரிமம் வழங்குவதும் 1999-ல் அமைக்கப்பட்ட மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு உரிமம் அளிக்க 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வழிசெய்கிறது. மும்பை புறநகர் நுகர்வோர் ரிலையன்ஸின் மின்கம்பி வழியாகவே டாடா மின்சாரத்தைப் பெற ஆணையம் 2009 அக்டோபரில் அனுமதித்தது. மகாவிதரண் எல்லைக்குள் இருந்ததால் பாண்டுப்புக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

2022 நவம்பரில் பாண்டுப், முலுண்ட், தாணே, நவி மும்பை பகுதிகளுக்கு இணை உரிமம் கோரி அதானி குழும நிறுவனம் விண்ணப்பித்தது. அதை எதிர்த்து 2023 ஜனவரி 4-ல் மின் ஊழியர்கள் 72 மணி நேர வேலைநிறுத்தத்தில் இறங்கினர். துணை முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸுடன் நடந்த பேச்சுக்குப்பின் அன்றே அது கைவிடப்பட்டது.

ஊழியர்களின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அதிகக் கட்டணம் செலுத்தும் நகர நுகர்வோர் வெளியேறினால், விவசாயிகளுக்கான சலுகைச் சுமை அரசு நிறுவனத்தின் தலையில் விழும். அதேசமயம், பாண்டுப்வாசிகளுக்குத் தேர்வுரிமையை நிரந்தரமாக மறுப்பதும் நியாயமல்ல.

இவ்விரண்டையும் சீர்தூக்க வேண்டிய ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பதோ மாநில அரசு. விநியோக நிறுவனத்தின் உரிமையாளரும் அதே அரசுதான். ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் ஒருவர் இருப்பது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. நுகர்வோரின் குறைகளை முதலில் விசாரிக்கும் மன்றத்தையும் விநியோக நிறுவனமே அமைக்கிறது.

ஆகவே, சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் நிறுவனங்களின் பெயர்ப்பலகை அல்ல. ஆணையத்தின் நியமன முறையே. அது மாறாதவரை, மின்கட்டண ரசீதின் தலைப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் பாண்டுப்வாசிக்கு வேறுபாடு ஏதும் தெரியப்போவதில்லை.